மலைநாட்டுத் தோட்டங்களில் உள்ளூராட்சியும் மக்கள் நல்வாழ்வும்

நோயைக் கண்டறிவதோடு அமையாது, அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்து, அதனை நீக்கும் வழியறிந்து செயலாற்றல் வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறையாகும். இம்முறை தனிமனிதனின் உடலுக்கு மட்டுமன்றி ஓர் ஊருக்கும் பொருந்துவதே. ஒருவனுக்கு வயிற்றோட்டம் கண்டால் மருந்து கொடுத்துக் குணமாக்குபவன் மருத்துவன். ஆனால், ஒரே லயத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அந்நோய் தோன்றுமாயின், ஆங்கு நோயுற்றிருப்பவை நீர்வழியும் கானும் மலசலகூடமுமே எனலாம். இவற்றுக்கான மருந்து வைத்தியசாலை அலுமாரியில் இல்லை. ஊரை நிருவகிக்கும் சபையின் நிலப்படத்திலும் வரவு செலவுத் திட்டத்திலுமே அஃது உண்டு.

ஊர்ச் சுகாதாரம் உள்ளூராட்சியின் முதற்கடன் என்பது பல நாடுகளும் ஒப்புக்கொண்ட கொள்கை. எனினும், நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய பகுதிகளை உள்ளடக்கிய மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், அக்கடன் யாருடையது என்பதே நெடுங்காலம் முடிவு செய்யப்படாமற் கிடந்தது. அந்நிலை எவ்வாறு ஏற்பட்டது, எவ்வாறு மாறத் தொடங்கியது, இனிச் செய்யத்தக்கது யாது என்பன ஆராயத்தக்கன.

தோட்டம் என்னும் தனியுலகு

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் தெயிலர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். 1869இல் காணப்பட்ட இலைநோய் பின்னர் பரவிக் கோப்பிப் பயிரை அழிக்கவே, மலைச்சரிவுகள் அடுத்துவந்த ஆண்டுகளில் தேயிலைக் காடுகளாயின. கோப்பிக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்து போன தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை வந்தபின் குடும்பத்தோடு தங்கி வாழலாயினர். அவர்களுக்கென எழுப்பப்பட்டவையே லயங்கள். பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவான காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்தன. வீடும் நீரும் மருந்தும் பிள்ளைக் காம்பராவும் பள்ளிக்கூடமும் யாவும் தோட்ட நிருவாகத்தின் கைப்பட்டனவாயின.

தொழிலாளரின் வைத்திய வசதி குறித்து 1872ஆம் ஆண்டு முதல் கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1912இல் அவை மேலும் விரிவாக்கப்பட்டன. இவை தொழிலாளரின் உடல்நலத்தைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கின. அக்காலத்தில் இஃது ஒரு முன்னேற்றமே. ஆயினும், இதன் உட்பொருளை நோக்குதல் வேண்டும். நலம் என்பது ஒருவர் குறித்த தோட்டத்தின் தொழிலாளி என்பதனால் கிடைத்ததேயன்றி, அவ்வூரின் குடிமகன் என்பதனால் கிடைத்ததன்று. வேலை நீங்கின், நலமும் நீங்கக்கூடும்.

கொழுக்கிப்புழு உணர்த்திய பாடம்

மருந்து மட்டும் ஊரைக் காவாது என்பதற்கு மலைநாட்டு வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு. 1916ஆம் ஆண்டளவில் அமெரிக்க நாட்டு ரொக்பெல்லர் அறநிதியத்தின் சர்வதேச சுகாதாரச் சபை, மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கிற்று. அப்புழு குடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சுவது. அதனால் இரத்தச்சோகையும் சோர்வும் உண்டாகும். அதன் முட்டை மலத்துடன் மண்ணில் விழுந்து குஞ்சாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகும். ஈரமும் நிழலும் உள்ள மண் அதற்கு உகந்த இடமாகும்.

மருந்து ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுக்கப்பட்டது. புழுக்களும் வெளியேறின. ஆயினும், மலசலகூடம் போதியளவு அமையாத தோட்டங்களில், குணமடைந்தோர் மீண்டும் அதே மண்ணை மிதித்து அதே நோயைப் பெற்றனர். மலசலகூடத்துக்குச் செலவிடத் தோட்ட உடைமையாளர் பலர் தயங்கினர். மண்ணைச் சுத்தமாக்காது மனிதனை மட்டும் சுத்தமாக்குதல், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புதலை ஒக்கும் என்பதே அவ்வனுபவம் உணர்த்திய பாடமாகும்.

அதன் பயனாக வேறோர் இடத்தில் ஒரு புதுமுறை பிறந்தது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. ஒரு வரையறுத்த நிலப்பரப்பு. அதற்கென ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதியர், மருத்துவமாதர். பிறப்பு இறப்புக் கணக்கு, மலசலகூடம், நீர், தாய்சேய் நலம் ஆகியவற்றை வீடுவீடாகச் சென்று கவனிக்கும் கடமை என அது அமைந்தது. நாட்டின் கிராமங்களில் தாய்சேய் மரணம் குறைந்தமைக்கு இம்முறை பெருந்துணை புரிந்தது. ஆனால், தோட்டங்களோ நெடுங்காலம் தம் தனி வைத்திய முறையிலேயே நின்றன. கிராமத்து நலம் அரசின் சேவை வழியாகவும், தோட்டத்து நலம் துரையின் கணக்கேட்டு வழியாகவும் நடந்தன.

சட்டம் இட்ட வேலி

சுகாதாரத்தில் நேர்ந்த இப்பிரிவு ஆட்சியிலும் நேர்ந்தது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியபோது, தோட்ட மக்களுள் ஒரு பகுதியினர் அரசாங்க சபைத் தேர்தலில் வாக்களித்தனர். ஆனால், கிராமச் சங்கங்களில் அவர்களுக்கு இடமளிக்கப்படவில்லை. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோதும், தோட்ட லயங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் புறத்தே நிறுத்தப்பட்டனர். பின்னர், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டத்தாலும் அவர்களுட் பெரும்பாலோர் நாட்டின் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பலரைக் கடல் கடத்திற்று. எஞ்சியோரின் நாடற்ற நிலை 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே முற்றாக நீங்கியது.

இவ்வரலாறு சுகாதாரக் கட்டுரைக்கு யாது தொடர்புடையது என்று வினவலாம். வாக்கில்லாதவனின் கானை வெட்டுவதற்கு எந்தச் சபையும் விரைவதில்லை; தொடர்பு இதுவே.

குடியுரிமை மீண்டபின்னும் மற்றொரு வேலி எஞ்சியிருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தன் 3ஆம் பிரிவிலே, பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றை நிருவகித்தலையும் மக்களின் வசதியையும் நலத்தையும் காத்தலையும் சபையின் கடமையாக வகுத்தது. அவ்வரிசையில் பொதுச் சுகாதாரமே முதலில் வைக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. ஆனால், அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தனர். அவர்களுள் பலர் உறுப்பினராகவும் தலைவராகவும் தெரிவாயினர். எனினும், தம்மைத் தெரிவு செய்த லயத்துக்கு ஒரு பாதை அமைக்கவோ ஒரு நீர்த்தொட்டி கட்டவோ அவர்கள் முற்பட்டால், சட்டம் குறுக்கே நின்றது. பயிர்செய் நிலத்துக்கு ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரமோ அச்சபைக்கு இருந்தது. நிலம் வரிக்கு உட்பட்டதாகவும், நிலத்தில் வாழும் மக்கள் சேவைக்குப் புறம்பானோராகவும் இருந்த விசித்திர நிலை இது.

வேலியில் திறந்த வாயில்

2018ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்க ஆண்டாகும். அவ்வாண்டு பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த தேர்தலின்போது, நுவரெலியா மாவட்டத்தில் முன்னர் இரண்டாக இருந்த நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பரந்த பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்பன அவை. மக்கள் தொகைக்கு ஏற்பச் சபை அண்மையில் வந்தது. அதே ஆண்டில் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 33ஆம் பிரிவை மாற்றி, தோட்டக் குடியிருப்புகளின் பாதை, கிணறு முதலிய பொது வசதிகளுக்குச் சபை செலவிட வழி வகுத்தது. 32ஆம் இலக்கச் சட்டம் மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபையைத் தோற்றுவித்தது.

வாயில் திறந்தது உண்மை. ஆனால், திறந்த வாயில் தானே எவரையும் உள்ளே அழைத்துச் செல்வதில்லை. சட்டம் ‘செய்யலாம்’ என்று கூறுவது வேறு. ‘செய்தே ஆகவேண்டும்’ என்று பணிப்பது வேறு. நிலமோ அரசுக்குரியது, 1992இல் தோட்டங்கள் மீண்டும் தனியார் கம்பெனிகளின் நிருவாகத்துக்கு மாறியபின், அது நீண்டகாலக் குத்தகையில் அவற்றின் கையில் உள்ளது. ஆகவே, ஒரு குழாய் பதிப்பதற்கும் கம்பெனியோடு கலந்து இணங்குதல் வேண்டியதாகிறது. சபையின் வருமானமும் சிறிது. இந்நிலையில், இருக்கும் அதிகாரத்தையும் பொருளையும் பயன்மிகச் செலவிடுவதற்குத் திட்டமிடலே துணையாகும்.

இதன் அவசரத்தை ஒரு புள்ளிவிபரம் புலப்படுத்தும். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் வளராதோர் 17 சதவீதத்தினர். தோட்டப் பகுதியிலோ அவர்கள் ஏறத்தாழ 32 சதவீதத்தினர். மூன்று பிள்ளைகளுள் ஒன்று என்பது இதன் பொருள். உணவுக் குறைவும் தாயின் இரத்தச்சோகையும் இதற்குக் காரணங்களே. ஆயினும், அடிக்கடி வயிற்றோட்டமும் புழுநோயும் காணும் பிள்ளைக்கு, உண்ட உணவும் உடலிற் சேர்வதில்லை. எனவே, சோற்றுக் கோப்பையைப் போலவே நீர்ப் பீலியும் வளர்ச்சிக்கு வேண்டப்படுவதாகும்.

திட்டமிடல் என்பது யாது?

திட்டம் என்றவுடன் பெருங்கட்டடங்களை நினைப்பது பலரது வழக்கம். சுகாதாரத் திட்டத்தின் முதற்படியோ ஒரு நிலப்படம் மட்டுமே. எத்தோட்டத்தில் எத்தனை லயங்கள், எந்த ஊற்றிலிருந்து எப்பீலிக்கு நீர் வருகிறது, அவ்வூற்றின் மேற்சரிவில் யாது உள்ளது, மலக்குழிகள் எங்குள்ளன, மழைநீர்க் கான் எங்கே உடைந்துள்ளது, நோயாளியைத் தூக்கிச் செல்லாது வாகனத்தில் ஏற்றத்தக்க பாதை எவ்வளவு தூரத்தில் உள்ளது ஆகிய விபரங்கள் அப்படத்தில் குறிக்கப்படல் வேண்டும்.

மலைநாட்டில் இப்படம் சமவெளியிலும் பன்மடங்கு இன்றியமையாதது. ஏனெனில், இங்கு நீர் மேலிருந்து கீழ் நோக்கியே செல்கிறது. மேல் லயத்தின் கழிவு கீழ் லயத்தின் குடிநீராகக் கூடும். ஊற்றின் மேற்புறத்தில் மலக்குழி தோண்டாதிருத்தல், அங்கே களைக்கொல்லி தெளிக்காதிருத்தல், ஊற்றுவாயைச் சீமெந்தால் அடைத்துக் குழாய் வழி நீரிறக்குதல், தொட்டியைக் காலந்தோறும் கழுவிக் குளோரீன் இடுதல் ஆகியன பெருஞ்செலவு வேண்டாதன. ஆனால், இரு தோட்டங்களின் எல்லையைக் கடந்து வரும் நீரோடையை ஒரு தோட்ட நிருவாகம் தனித்துக் காக்க இயலாது. எல்லை கடந்த பொருளைக் காப்பதற்கே எல்லை கடந்த சபை வேண்டப்படுகிறது.

இரண்டாவது படி வரிசைப்படுத்தலாகும். பொருள் குறைந்த சபை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யவியலாது. வயிற்றோட்டமும் செங்கமாரியும் எங்கு மிகுதி, நிறை குறைந்த பிள்ளைகள் எங்கு மிகுதி என்னும் விபரங்கள் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் மருத்துவமாதிடமும் உள்ளன. அவ்விபரத்தையும் மேற்கூறிய நிலப்படத்தையும் ஒருங்கு வைத்து நோக்கினால், முதலில் செப்பனிட வேண்டிய பீலி எதுவென்று தானே புலனாகும். வாக்கு மிகுந்த இடத்துக்கு முதலில் விளக்குப் போடுதல் அரசியல். நோய் மிகுந்த இடத்துக்கு முதலில் நீர் கொடுத்தல் திட்டமிடல்.

மூன்றாவது படி மக்களைச் சேர்த்துக்கொள்ளல். பிரதேச சபைச் சட்டம் நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவை, சுற்றாடலும் வசதிகளும் ஆகிய துறைகளுக்குக் குழுக்களை அமைக்க இடந்தருகிறது. இக்குழுக்களின் ஆலோசனைக்குத் தோட்டத்துப் பெண்களை அழைத்தல் மிகவும் தகும். காலையில் பிரட்டுக்களத்துக்குச் செல்லுமுன் பீலியில் குடத்தோடு காத்து நிற்பவளும், கொழுந்துக் கூடையை இறக்கியபின் மீண்டும் நீருக்குச் செல்பவளும் அவளே. நீர் எந்நேரத்தில் நிற்கிறது, மலைக்கொழுந்து பறிக்குமிடத்தில் மலசலகூடம் இன்மையால் நேரும் இடர் யாது என்பனவற்றை எந்தப் பொறியியலாளரினும் நன்கறிந்தவள் அவள்.

வீடும் நிலமும்

லயத்தை விடுத்துத் தனிவீட்டுக்குச் செல்லும் காலம் இது. ஏழு பேர்ச் காணியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்பது அண்மை ஆண்டுகளின் கொள்கையாயிற்று. இந்திய அரசின் உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்டபடி மேலும் 10,000 வீடுகளும் எனத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. புகை நிறைந்த ஒற்றைக் காம்பராவை நீங்கிச் சாளரமும் சமையலறையும் உள்ள வீட்டில் வாழ்தல், சுவாச நோயையும் காசநோய்த் தொற்றையும் குறைக்க உதவும் என்பதில் ஐயமில்லை.

ஆனால், இங்கும் திட்டமிடல் தேவை. ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். ஏழு பேர்ச் வீதம் பகுத்தால் 22 காணிகள் அமையலாம் எனக் கணக்குக் கூறும். பாதைக்கும் கானுக்கும் இடம் விட்டாலோ அவ்வெண்ணிக்கை குறையும். அவ்விடத்தை விடாது வீடுகளை நெருக்கின், ஒருவரது மலக்குழியும் மற்றவரது நீரும் அண்டை அயலாகும். பழைய லயத்தின் இடர் புதிய கிராமத்தில் மீண்டும் பிறக்கும். மேலும், லயத்தின் கானைத் தோட்ட நிருவாகம் வெட்டியது. உறுதி பெற்ற தனிக்காணிக் கிராமத்தின் கானை யார் வெட்டுவது? குப்பையை யார் அகற்றுவது? இவை பிரதேச சபையின் கடன் என முன்கூட்டியே எழுதிவைக்கப்படல் வேண்டும்.

நிலத்தின் உறுதியும் நோக்கற்பாலது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமுடையது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, எச்சரிக்கையைக் கேட்டு மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் பொறுப்பு எவரிடமும் உறுதியாக இருக்கவில்லை. ஆபத்துள்ள சரிவைக் குறித்த படம், சபையின் கட்டட அனுமதி மேசையில் விரிக்கப்பட்டிருத்தல் உயிர்காக்கும் செயலாகும்.

மறுப்பும் விடையும்

தோட்டக் கம்பெனியின் கடமையைப் பொதுப்பணம் ஏன் சுமக்க வேண்டும் என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும், இன்று லயத்தில் வாழ்வோர் அனைவரும் தோட்டத் தொழிலாளரல்லர். ஓய்வு பெற்ற முதியோரும், கொழும்புக் கடைகளில் வேலை செய்து திருவிழாவுக்கு வீடு திரும்பும் இளைஞரும், ஆசிரியரும், சிறு வணிகரும் அங்கே வாழ்கின்றனர். இவர்களுக்கு நீர் வழங்கும் கடமை எந்தத் தொழில் ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. தொழிலாளிக்குச் செய்ய வேண்டியதை முதலாளி செய்க. குடிமகனுக்குச் செய்ய வேண்டியதைச் சபை செய்க. இரண்டையும் எழுத்திலான உடன்படிக்கை ஒன்று பிரித்துக் காட்டுக. ஒன்றன் பெயரால் மற்றொன்று கைநழுவுதல் கூடாது.

பிறநாட்டு அனுபவமும் இதற்குத் துணை செய்யும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், 1873 முதல் 1876 வரை நகராதிபதியாக விளங்கிய ஜோசப் சேம்பலின், தனியார் கம்பெனி நடத்திய நீர்வழங்கலை நகரசபையின் உடைமையாக்கினார். மக்களின் உயிருக்கு ஆதாரமான நீரை இலாபத்தின் பொறுப்பில் விடலாகாது என்பது அவர் கொள்கை. கேரள மாநிலத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியின் மூன்றிலொரு பகுதிக்கு மேற்பட்டதை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் அம்மன்றங்களின் பொறுப்பில் வந்தன. தமிழ்த் தொழிலாளர் மிகுதியாக வாழும் மூணாற்றுத் தேயிலை மலைகளும் அம்மாநிலத்தைச் சேர்ந்தவையே.

மலைநாட்டின் சுகாதாரம் மலைநாட்டாரின் கவலை மட்டுமன்று. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகின்றன. அவ்வாற்றின் நீரையே கொழும்பு மாநகரம் குடிக்கிறது. கொத்மலை ஓயா மகாவலியிற் கலந்து வடமத்திய வயல்களை நோக்கிச் செல்கிறது. மேலே ஒரு லயத்தின் கழிவு முறையாக அகற்றப்படுமாயின், கீழே ஒரு நகரின் குவளையும் தூய்மையடையும்.

தேயிலைச் செடிக்கு எப்பொழுது உரமிடுவது, எப்பொழுது கவ்வாத்து வெட்டுவது, எந்தச் சரிவில் எந்தக் கான் ஓடவேண்டும் என்பனவெல்லாம் நூற்றைம்பது ஆண்டுகளாக ஏட்டில் எழுதித் திட்டமிடப்பட்டு வந்தன. செடிக்குக் காட்டிய அக்கருத்தைச் செடியைப் பேணிய மக்களுக்கும் காட்டுதலே இன்றைய தேவை. அதற்கான வாக்கு மக்களிடம் உண்டு. அதற்கான சட்டம் 2018 முதல் சபையிடம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டம் சபையில் வாசிக்கப்படும்பொழுது, எத்தனை பீலிகள், எத்தனை மலசலகூடங்கள், எத்தனை யார் கான் என்ற மூன்று வினாக்களை மக்கள் எழுப்புவாராயின், திறந்த வாயில் வழியே நலம் உள்ளே நுழையும்.